புதுப்பிப்பு: விக்கெட் எடுத்த அந்தக் கீப்பர் கிடைத்துவிட்டார்

வினாடி வினாவில் வந்த ‘நாலு விக்கெட் எடுத்த வக்கீல்’ யாரென்று போன வாரம் கேட்டிருந்தேன்; பந்துவீச்சாளர்களுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. “பந்துவீச்சாளர் பட்டியலை மூடிட்டு 1884 ஓவல் டெஸ்ட் ஸ்கோர்கார்டைப் பாருங்க” என்ற யோசனைதான் பலித்தது.

ஆள் ஆல்ஃப்ரெட் லிட்டல்டன், இங்கிலாந்தின் விக்கெட் கீப்பர்! அந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியா 551 ரன். மர்டாக் மட்டும் 211. வேறு வழியில்லாமல் பதினொரு பேரும் பந்து போட்டார்கள். கால் பேடைக்கூடக் கழற்றாமல் லிட்டல்டன் கையைத் தோளுக்கு மேல் தூக்காமல் கைக்கீழ் (அண்டர்ஆர்ம்) பந்து போட, கிளவுஸை வாங்கிக்கொண்ட அணித்தோழர் டபிள்யூ.ஜி. கிரேஸ் முதல் பந்திலேயே ஒரு கேட்ச் பிடித்தார். முடிவில் லிட்டல்டன் எடுத்தது 19 ரன்னுக்கு 4 விக்கெட்.

நான் தேடிய ‘வக்கீலான கிரிக்கெட்காரர்’ என்பதும் அரைகுறைதான். 1881லேயே அவர் பாரிஸ்டர். 1877இல் ஸ்காட்லாந்துக்கு எதிராகக் கால்பந்தில் கோல் அடித்தவர். 1903இல் பிரிட்டனின் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர்.

நான் எதிர்பார்க்காதது அவர் முடிவு: 1913இல் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து பட்டு, அந்தக் காயத்தாலேயே இறந்துபோனார்.