தறிக் கணக்கு நோட்டில் எழுதிய மூன்று நாள்

சோமனூர்ப் பக்கத்திலிருந்து, ஒரு தந்தை:

வீட்டை ஒட்டிய குடோனில் எட்டு விசைத்தறிகள் ஓட்டி வருகிறேன். மனைவி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போவதால், பதினேழு மாதப் பையனைப் பகலில் என் தாயாரும் நானும்தான் பார்த்துக்கொள்கிறோம். சென்ற ஆடி மாதம் ஒரு மதியம் இரண்டு முறை வாந்தி எடுத்தவன், மாலைக்குள் நான்கு முறை தண்ணீராகவே வெளிக்குப் போய்விட்டான். "தொக்கம் விழுந்திருக்குது சாமி, எடுக்கறவங்ககிட்டக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தர்லாம்" என்றார் தாயார். தின்றது ஏதோ உள்ளே சிக்கிக்கொண்டது என்று சொல்லி, தொண்டைக்குள் எதையோ விட்டு, சிக்காத ஒன்றை எடுத்ததாகக் காட்டும் அந்த வேலைக்கு நான் உடன்படவில்லை.

ஆனால் விவரம் தெரிந்தவன் என்ற நினைப்பில் நான் செய்தது அதைவிட மோசம். ஒரு லிட்டர் தண்ணீருக்கான ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தை முழுவதுமாக ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். சத்து கூடுதலாகப் போகட்டும் என்று எண்ணினேன். நல்ல வேளையாக அந்த நேரத்தில் எங்கள் கிராம சுகாதார செவிலியர் வேறு வேலையாக வாசலுக்கு வந்தவர், டம்ளரையும் பொட்டலத்தையும் பார்த்துவிட்டு, "இத்தனை உப்பு உள்ள போனா ரத்தத்துல சோடியம் ஏறிருங்க, கீழ ஊத்துங்க முதல்ல" என்றார். கொதித்து ஆறிய தண்ணீரைச் சரியாக ஒரு லிட்டர் அளந்து, பொட்டலம் முழுவதையும் அதில் கலக்க வேண்டும்; 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு முறை வெளிக்குப் போன பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி வரை கொடுக்கலாம். டம்ளரை வாயில் வைத்துப் புகட்டாமல், ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகக் கொடுக்க வேண்டும்; வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடியும் தொடங்க வேண்டும். துத்தநாக மாத்திரையை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம், போக்கு நின்றாலும் நிறுத்தாமல், 14 நாள் கொடுக்கச் சொன்னார். (கடையில் பழச்சுவையோடு அட்டைப் பெட்டியில் கிடைக்கும் பானத்தை ஓஆர்எஸ் என்று நம்பி வாங்கியவர்களில் நானும் ஒருவன். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அத்தகைய பானங்களின் பெயரில் அந்த எழுத்துகளே இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது.)

அன்றிரவு தறி மீட்டர் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டம் கிழித்தேன்: எத்தனை கரண்டி உள்ளே போனது, எத்தனை முறை வெளிக்குப் போனான், எப்போது சிறுநீர் கழித்தான். டயப்பர் கட்டினால் எது சிறுநீர், எது தண்ணீர் மலம் என்று பிரித்தறிய முடியவில்லை. ஆகவே மனைவி கொண்டு வந்திருந்த வெள்ளைப் பனியன் கட்பீஸ்களை மடித்துக் கட்டினோம்; ஈரத்தின் நிறம் அதில் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாம் நாள் இரவு 10.40க்குப் பிறகு மூன்றாம் கட்டம் காலியாகவே இருந்தது. விடியற்காலை 5 மணிக்கு அழுதபோது கண்ணீர் வரவில்லை. கண்களும் உள்ளே போயிருந்தன. உடனே தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே கடைசியாக எப்போது சிறுநீர் போனான் என்பதுதான். "போயிருப்பான்னு நினைக்கறனுங்க" என்று இழுக்காமல் நோட்டைப் பார்த்துச் சொன்னேன். அவர் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு மெதுவாகத்தான் அடங்கியது. கிலோவுக்கு 75 மில்லி என்ற கணக்கில், பத்துக் கிலோ எடையுள்ள பையனுக்கு 750 மில்லி ஓஆர்எஸ் கரைசலை நான்கு மணி நேரத்தில் அங்கேயே வைத்துப் புகட்டச் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றவில்லை என்பதில் என் தாயாருக்கு இன்றுவரை குறைதான். ஒன்பதரை மணிக்கு என் மடி நனைந்தது. அந்த ஈரத்தோடே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வயிற்றுக்கு ஓய்வு என்று பட்டினி போடக் கூடாது என்றும் மருத்துவர் சொல்லியிருந்ததால் தாய்ப்பாலை நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் மதியம் அரிசியும் பருப்பும் சாதத்தைக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுத்தபோது நான்கு வாய் வாங்கிக்கொண்டான்.

கோபியிலிருந்து, ஒரு தாய்:

எங்கள் மகளுக்கு பதினான்கு மாதத்தில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் சில குழந்தைகளுக்கு இப்படி வருவதுண்டு என்று முன்பே படித்திருந்தும், கண் மேலே செருகிக் கை கால் வெட்டி இழுத்ததைப் பார்த்தபோது படித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டார் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். ஒருவர் பல் கட்டாமலிருக்கக் கரண்டியோடு வந்தார். வாயில் எதையும் வைக்க விடாமல், பாயில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, என் கணவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அரை மணி நேரம் போலிருந்தது. அவர் கணக்கில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கணக்கு. நின்ற பிறகும் மருத்துவரிடம் காட்டினோம். காய்ச்சல் மருந்தை எவ்வளவு முறையாகக் கொடுத்தாலும் வலிப்பு வராது என்று உறுதி சொல்ல முடியாது என்று அவர் சொன்ன பிறகுதான், மருந்து கொடுக்கத் தாமதித்துவிட்டேனோ என்ற என் குற்ற உணர்ச்சி அடங்கியது.

பொள்ளாச்சியிலிருந்து, ஒரு அமத்தா (அம்மாவைப் பெற்ற பாட்டி):

காய்ச்சல் மருந்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 இருக்கிறது. பேத்தி இங்கு வந்திருந்தபோது, மகள் வீட்டில் கொடுக்கும் அதே 5 மில்லியை எங்கள் வீட்டு 250 பாட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டேன். ஒரு முறை என்பதால் கெடுதல் இல்லை, அடுத்த வேளையை விட்டுவிடுங்கள் என்று மருத்துவர் போனில் சொல்லும்வரை எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. ஒரு கேள்வி: சோமனூர்க்காரர் அந்த மூன்று இரவும் தறியை நிறுத்தி வைத்தாரா? அந்தச் சத்தத்தில் குழந்தை எப்படித் தூங்கியது?

சோமனூர்ப் பக்கத்திலிருந்து:

முதல் நாள் இரவு எல்லாத் தறியையும் நிறுத்தினேன், அம்மா. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவன், அமைதியானதும் விழித்து அழ ஆரம்பித்துவிட்டான். பிறகு இரண்டு தறியை மட்டும் ஓடவிட்டேன்.