முதலில் ஹோபக்கா, கொலொமிய்காவா? கனடா உக்ரைனிய நடனப் பள்ளிகளின் பாட வரிசை பற்றி ஒரு விவாதம்

வடபுலம்:
அல்பெர்ட்டா, சஸ்காச்செவன், மனிடோபா பக்கம் சின்ன ஊர்களில்கூட உக்ரைனிய நடனப் பள்ளி உண்டு. பெரும்பாலும் தேவாலய மண்டபத்தில் வாரம் ஒரு வகுப்பு. செப்டம்பரில் தொடங்கும், மே மாத மேடை நிகழ்ச்சியோடு முடியும். ஆண்டுக்கு முப்பது வகுப்பு தேறினால் அதிகம். அந்த முப்பதில் எட்டு வயதுப் பிள்ளைக்கு முதலில் ஹோபக் சொல்லிக்கொடுக்கிறார்கள், தாவலும் சுழற்சியும் நிறைந்த மேடை ஆட்டம். இது தலைகீழ் என்பது என் கட்சி. முதலில் வரவேண்டியது கொலொமிய்கா, பாட்டோடு வட்டமாக ஆடும் கிராமத்து ஆட்டம்.

காரணம் இதுதான். 1891 முதல் கனடாவுக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மேற்கு உக்ரைனின் ஹலிச்சினா, புகோவினா கிராமத்து விவசாயிகள். அவர்கள் கல்யாணத்தில் ஆடியது கொலொமிய்கா மாதிரியான ஆட்டங்கள். பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் ஆடுவார்கள். பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் ஹோபக் மேடைச் சரக்கு, அசல் இல்லை. இன்றைக்கும் அந்த மாகாணங்களில் உக்ரைனியக் கல்யாணம் என்றால் ராத்திரி பெரிய வட்டம் கட்டாமல் முடியாது. வட்டத்தில் எல்லாரும் நிற்க, இரண்டு பேரோ நான்கு பேரோ நடுவில் வந்து தெரிந்ததை ஆடிவிட்டு வெளியேற, அடுத்தவர் வருவார்.

சொல்லிக்கொடுக்கவும் இது எளிது. பாட்டின் அடியிலேயே ஆட்டத்தின் கட்டம் இருக்கிறது. ஓர் அடிக்கு பதினான்கு அசை, எட்டும் ஆறுமாகப் பிரியும். 2/4 தாளத்தில் ஓர் அடி நான்கு ஆவர்த்தனம், இரண்டு அடி எட்டு. எட்டு ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை அசைவை மாற்று என்று சொன்னால் போதும், எண்ணத் தெரியாத பிள்ளையும் பாட்டைக் கேட்டே மாற்றிக்கொள்ளும்.

மேடைவிளக்கு:
நண்பரே, வரலாற்றைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். நடன ஆசிரியர் வசில் அவ்ராமென்கோ கனடாவுக்கு வந்தது 1925 டிசம்பரில். அதற்கு முன் 1921இல் போலந்தின் கலீஷ் முகாமில் அடைபட்டுக் கிடந்த உக்ரைனிய மக்கள் குடியரசுப் படைவீரர்களுக்கு நடனம் கற்றுக்கொடுத்தவர் அவர். ரொறன்ரோ, வினிப்பெக் என்று ஊர் ஊராகப் பள்ளி தொடங்கினார். 1931இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பரா அரங்கிலேயே மேடையேற்றினார். வட்டமாக ஆடும் ‘ஹோபக் கோலொம்’ அவர் கொடுத்த வடிவம், இன்றும் ஆடப்படுகிறது. நூறு வருடமாக ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்ததை “மேடைச் சரக்கு, அசல் இல்லை” என்று எப்படித் தள்ளுவது? பண்ணைக்காரன் பிள்ளை என்று வகுப்பில் ஒதுக்கப்பட்ட குழந்தை, நகர மேடையில் எல்லார் முன்னாலும் தலைநிமிர்ந்து நின்றது அந்த ஆட்டத்தால்தான்.

அதோடு, அடிப்படை அசைவு இல்லாமல் வட்டத்தில் இறக்கினால் தள்ளுமுள்ளுதான் மிஞ்சும். தினொக் என்ற அசைவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். “ஒன்று-உம்-இரண்டு.” ஒன்றுக்கு வலக்கால் பக்கவாட்டில் தாவி இறங்க வேண்டும். “உம்”முக்கு இடது முன்பாதம் அதன் முன்னால். இரண்டுக்கு எடை மறுபடி வலக்காலில். பிள்ளைகள் எல்லாரும் செய்யும் தவறு, பக்கவாட்டில் போகாமல் மேலே குதிப்பது. காற்றில் நேரம் போய்விடும், “உம்” தாமதமாகும், மூன்றாவது ஆவர்த்தனத்தில் அரைத் தாளம் பின்தங்கி இருப்பார்கள். தரையில் ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு நாடா ஒட்டி, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவச் சொன்னால் இரண்டு வகுப்பில் சரியாகும். அடுத்தது பிஹுனெத்ஸ் என்ற ஓட்ட அசைவு: முதல் அடி நீளம், அடுத்த இரண்டும் குட்டை, தலை ஏறி இறங்கக் கூடாது. இவை ஹோபக்குக்கும் வேண்டும், உங்கள் கொலொமிய்காவுக்கும் வேண்டும். இதைக் கற்றுத்தரும் ஒழுங்கு மேடைப் பயிற்சியிடம்தான் இருக்கிறது.

இயன்முறை:
இரண்டு பேருமே முழங்காலைப் பத்திப் பேசல. ஹோபக் முதல்ல வேணாம்னு நானும் சொல்வேன், ஆனா காரணம் வேற.

பையன்களுக்கு ஹோபக்னாலே பிரிசியாத்கா, அதாவது உட்கார்ந்து எழுந்து காலை வீசுறது. பத்துலேர்ந்து பதினஞ்சு வயசுல எலும்பு வேகமா வளரும். முழங்கால் சிப்பிக்குக் கீழ, தசைநாண் போய் ஒட்டுற எலும்பு முனை அப்போ இன்னும் கெட்டிப்படாம இருக்கும். திரும்பத் திரும்பக் குதிச்சு உட்கார்ந்தா அந்த இடம் இழுபட்டு வீங்கி வலிக்கும். ஆஸ்குட்-ஷ்லாட்டர்னு சொல்ற பிரச்சினை இது. அந்த மேட்டை விரலால அழுத்தி வலிக்குதான்னு பாருங்க. வலிச்சா அன்னைக்கு உட்காரும் அசைவு எதுவும் கிடையாது.

தப்பு எங்க நடக்குதுன்னா, முழுசா கீழ விழுந்து பின்தொடை கெண்டைக்கால்ல முட்டினதும் அந்த எதிர்வீச்சுல எழுந்துக்கறாங்க. தசை வேலையே செய்யல, மூட்டுதான் அடி வாங்குது. எழும்போது முழங்கால் உள்பக்கமா மடியும், முதுகு முன்னால சாயும். நான் சொல்ற வரிசை: முதல் ஆறு வாரம் நாற்காலி முதுகைப் பிடிச்சுக் கால்வாசி ஆழம் மட்டும், குதிகால் தூக்கி, முழங்கால் கால்விரல் திசையிலேயே வெளிப்பக்கம் பார்க்கணும். அப்புறம் அரை ஆழம். காலை வீசுறது இதெல்லாம் சுத்தமா வந்த பிறகுதான். ஒரே தொடர்ல எட்டுக்கு மேல வேண்டாம். ஒன்பதாவதுல உருவம் கலைய ஆரம்பிக்கும்.

தரையையும் பாருங்க. தேவாலய மண்டபத்துக் கீழ்த்தளம் பெரும்பாலும் கான்கிரீட் மேல ஓடு ஒட்டினது. அதுல தாவி இறங்கினா முன்கால் எலும்பு வலி நிச்சயம். அடியில காத்து இடைவெளி விட்ட மரத்தரை இல்லைன்னா, உயரத் தாவுற அசைவுகளை அந்த மண்டபத்துல எடுக்காதீங்க. உடற்பயிற்சி மெத்தை போட்டு சமாளிக்கலாம்னு சிலர் பண்றாங்க, திரும்பும்போது பாதம் மெத்தையில மாட்டிக் கணுக்கால் பிசகும்.

மேடைவிளக்கு:
முழங்கால் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தப் பள்ளியிலும் பெண்பிள்ளைகள்தான் அதிகம். பிரிசியாத்கா கிடையாது என்றால் இருக்கிற நான்கு பையன்களும் ஹாக்கிக்குப் போய்விடுவார்கள். அதனால் அந்த இடத்தில் வேறு வீரம் கொடுக்க வேண்டும். குதிகால்களைப் பக்கவாட்டில் மோதும் ஹொலுபெத்ஸ், மும்முறை மிதிக்கும் பிரிதுப், கைதட்டித் தொடை தட்டும் வரிசைகள். முழங்காலுக்குச் சுமை குறைவு, சத்தம் நிறைய. விஹிலியாஸ்னிக் என்ற அசைவும் நல்லது: ஒன்றுக்கு விரல்நுனி, முழங்கால் உள்பார்த்து; இரண்டுக்குக் குதிகால், பாதம் வெளிபார்த்து; அடுத்த ஆவர்த்தனத்தில் மும்மிதி. இடுப்பு திரும்பாமல் கால் மட்டும் திரும்பினால்தான் அழகு.

நூலிழை:
பாட வரிசையை ஆர் தீர்மானிக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. உடுப்பு அலுமாரிதான் தீர்மானிக்கிறது. ஹோபக்குக்குப் போடும் மத்திய உக்ரைனின் பொல்தாவா உடுப்புத்தான் எல்லாப் பள்ளியிலும் முதலில் சேரும்: பையனுக்கு எம்பிராய்டரி சட்டை, ஷராவரி என்ற கால்சட்டை, அகலச் சிவப்புப் பட்டி, பெண்பிள்ளைக்கு பாவாடை, மேல்சட்டை, வினோக் என்ற பூமுடி, சிவப்புச் சப்பாத்து. ஷராவரி தொளதொள என்று இருப்பதால் ஒரே உடுப்பு மூன்று வருடம் வேறு வேறு பிள்ளைக்குப் பொருந்தும். கார்பாத்திய மலை மக்களான ஹுத்ஸுல்களின் உடுப்பு அப்படி இல்லை. கெப்தார் என்ற ஆட்டுத்தோல் மேலங்கி அளவுக்குத் தைக்க வேண்டும், செலவும் கூட. ஆகவே உடுப்பு இருக்கிற ஆட்டம் ஹோபக், ஹோபக் இருக்கிறபடியால் மறுபடியும் பொல்தாவா உடுப்பு.

கடைசியில் மலை ஆட்டத்தை ஹோபக் சப்பாத்தோடு ஆடவிடுகிறார்கள். இது பெரிய பிழை. ஹுத்ஸுல் ஆட்டத்துக்கு போஸ்தொலி, குதியே இல்லாத மெல்லிய தோல் செருப்பு. பாதம் முழுதாகத் தரையில் விழ, எடை கீழே இறங்கும், முழங்கால் இளகும், அதனால்தான் அந்தக் குட்டிக் குட்டி மிதி வேகமாக வரும். குதி வைத்த சப்பாத்தோடு அதையே மிதித்தால் உடம்பு முன்னுக்குத் தள்ளும், பிள்ளை அதைச் சமன் செய்யப் பின்னுக்குச் சாயும், மிதி குதியில் மட்டும் கேட்கும். போஸ்தொலி வாங்கக் காசில்லை என்றால் தட்டையான பழைய பயிற்சிச் செருப்பு போதும். மினுக்கிய தரையில் புதுத் தோல் வழுக்கும், அடியில் மெல்லிய ரப்பர்த் துண்டு ஒட்டுங்கோ.

இன்னும் இரண்டு. பட்டியை நின்றபடி தனியாகச் சுற்றினால் பிரிசியாத்காவில் அவிழும். ஒருவர் மறுமுனையை இழுத்துப் பிடிக்க, பிள்ளை தானே சுழன்று பட்டிக்குள் வர வேண்டும், முனையை உள்ளே செருகி ஊசி குத்த வேண்டும். வினோக்குக்குக் கொண்டைக்குக் கீழே இறப்பர் நாடா, பக்கத்துக்கு இரண்டு ஊசி. வினோக்கில் தொங்கும் நாடாக்கள் சுழலும்போது பக்கத்துப் பிள்ளையின் கண்ணில் அடிக்கும். வரிசையில் கை நீள இடைவெளி விடாமல் சுழற்சி வைக்காதீர்கள்.

வடபுலம்:
அக்கா சொன்னது என் கட்சிக்கே வலு. கொலொமிய்காவுக்கு உடுப்பே வேண்டாம், இருக்கிற துணியோடு ஆடலாம். அலுமாரியின் பிடி அங்கேயே விட்டுவிடும்.

ஆர்க்கான் என்ற ஆட்டத்தையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். ஹுத்ஸுல் ஆண்கள் வட்டமாக, பக்கத்தவர் தோளில் கை போட்டு ஆடுவது. அடிப்படை மிகச் சின்னது: வலக்கால் பக்கத்தில், இடக்கால் பின்னால் குறுக்கே, வலக்கால் மறுபடி பக்கத்தில், பிறகு இடது முழங்காலை மடக்கித் தூக்கி ஒரு துள்ளல். பத்து நிமிடத்தில் வந்துவிடும். கெடுவது தோளில்தான். உயரம் கலந்து நிறுத்தினால் குட்டையானவன் தொங்குவான், நெட்டையானவன் குனிவான், வட்டம் முட்டையாகும். உயரம் பார்த்து ஒட்டி ஒட்டி நிறுத்துங்கள், தோளை அமுக்காமல் கையை வைத்திருக்கச் சொல்லுங்கள். பையன்களுக்கு வீரம் வேண்டும் என்றீர்களே, இதைவிட என்ன வேண்டும்? முழங்காலும் தப்பும்.

கருங்கடல்:
வடபுலம் ஐயா, உங்கள் முதல் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. 2022 மார்ச்சில் கனடா திறந்த அவசர விசாத் திட்டத்தில் ஏறத்தாழ 3 லட்சம் உக்ரைனியர் வந்திருக்கிறார்கள். கிழக்கிலும் தெற்கிலும் உள்ள கார்கீவ், ஸாபொரீஷியா, கெர்சோன் பிள்ளைகளும் இன்று அந்த மண்டபங்களில் நிற்கிறார்கள். அவர்களுக்கு கொலொமிய்கா பாட்டி வீட்டு ஆட்டம் இல்லை. ஹோபக்தான் அவர்கள் பக்கத்தது. “முன்னோர் ஆடியது” என்ற அளவுகோலை வைத்தால் ஒரே வகுப்பில் யாருடைய முன்னோர்?

கூடவே வந்த நடன ஆசிரியர்களில் பலர் உக்ரைனிய நடன அமைப்பாளர் பாவ்லோ விர்ஸ்கி வழி மேடைப் பயிற்சியில் வளர்ந்தவர்கள். பாலே போலக் கம்பியைப் பிடித்துச் செய்யும் கம்பிப் பயிற்சி, அடுத்து கம்பியில்லாமல் நடுவில் நின்று செய்யும் மையப் பயிற்சி, அதன் பிறகே ஆட்டம். வாரம் நான்கைந்து நாள் வகுப்புக்குப் பழகிய முறை அது. அதை வாரம் ஒரு நாள், தொண்ணூறு நிமிட வகுப்பில் அப்படியே கொண்டுவந்தால் கம்பிப் பயிற்சியிலேயே நாற்பது நிமிடம் போய்விடும். இந்தப் பள்ளிகளில் இப்போது நடக்கும் உரசல் பெரும்பாலும் இதுதான். வந்தவருக்கு இங்குள்ள பயிற்சி போதாது என்று படுகிறது, இங்குள்ள பெற்றோருக்குக் குழந்தை ஆடவே இல்லையே என்று படுகிறது. கம்பியை பதினைந்து நிமிடத்துக்குச் சுருக்கி, அன்றைய ஆட்டத்துக்குத் தேவையான இரண்டு அசைவை மட்டும் அதில் வைத்தால் இரு பக்கமும் நிற்கும்.

வடபுலம்:
நல்ல கேள்வி. முன்னோர் கணக்கை விடுங்கள், என் கட்சி அதில்லாமலே நிற்கும். அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்து ஆய்வாளர் அந்திரி நஹசெவ்ஸ்கி நடனத்தை இரண்டாகப் பார்க்கிறார்: ஆடும் அந்த நேரத்துக்காகவே ஆடுவது ஒன்று, “இது எங்கள் மரபு” என்ற நினைவோடு ஆடுவது மற்றது. நம் பள்ளிகள் இரண்டாவதை மட்டுமே தருகின்றன. பன்னிரண்டு வருடம் படித்துவிட்டு பதினெட்டு வயதில் நிறுத்தும் பிள்ளைக்கு என்ன மிஞ்சுகிறது? பதினாறு பேர் இல்லாமல் ஆட முடியாத ஒரு மேடை ஹோபக்கின் ஆறாவது இடம். கொலொமிய்கா தெரிந்தால் கார்கீவ்காரனும் மனிடோபாக்காரனும் சனிக்கிழமை ராத்திரி ஒரே வட்டத்தில் நிற்கலாம், நாற்பது வயதிலும் நிற்கலாம்.

மேடைவிளக்கு:
அந்த வட்டத்தின் நடுவில் போய் அவர்கள் ஆடுவது எதை? மேடையில் கற்ற பிரிசியாத்காவும் சுழற்சியும்தானே! கல்யாண வட்டத்தில் கைதட்டு வாங்குபவர்கள் எல்லாம் குழுக்களில் ஆடியவர்கள். மேடையை எடுத்துவிட்டால் வட்டத்தின் நடு காலியாகும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

வரிசையில் வேண்டுமானால் ஒத்துப்போகலாம். செப்டம்பரிலிருந்து மலன்கா என்ற புத்தாண்டு முன்னிரவு விழா வரை கொலொமிய்காவும் அடிப்படை அசைவுகளும். பழைய நாட்காட்டியில் மலன்கா ஜனவரி 13, புதியதற்கு மாறிய தேவாலயப் பங்குகளில் டிசம்பர் 31. எப்படிப் பார்த்தாலும் பன்னிரண்டு பதிமூன்று வகுப்பு கிடைக்கும். பிள்ளைகள் அங்கே பெற்றோரோடு சேர்ந்து ஆடட்டும். ஜனவரியிலிருந்து மே வரை மேடை ஆட்டம்.

வடபுலம்:
அப்படியானால் இரண்டு நிபந்தனை. ஒன்று, மே மாத ஒத்திகைக்காக, ஒவ்வொரு வகுப்பின் கடைசியிலும் ஆடும் இருபது நிமிட கொலொமிய்கா வட்டத்தை வெட்டக் கூடாது. வழக்கமாக மார்ச்சிலேயே வெட்டிவிடுகிறார்கள். இரண்டு, பெண்களைக் கைமேல் உட்காரவைத்து ஆண்கள் வேகமாகச் சுழலும் விளையாட்டைப் பதினாறு வயதுக்குக் கீழே எடுக்கக் கூடாது. ஒரு கை நழுவினால் தலைதான் தரையில் விழும்.

இயன்முறை:
மூணாவதா வேகத்தையும் சேருங்க. பெரிய குழுக்களோட ஹோபக் ஒலிப்பதிவு முடிவுல ஏறிக்கிட்டே போகும். பிள்ளைகளால அதைப் பிடிக்க முடியாது, அசைவைப் பாதியா வெட்டிருவாங்க, முழங்கால் உள்ள மடியறதும் அங்கதான். நிமிஷத்துக்கு நூறு தாளத்துல பழக்குங்க, மேடைக்கு நூத்திருபதைத் தாண்டாதீங்க. வயலினும், தந்தியைக் குச்சியால தட்டி வாசிக்கிற சிம்பாலியும் வாசிக்கிறவங்க ஊர்ல இருந்தா மாசம் ஒரு வகுப்புக்குக் கூப்பிடுங்க. எதிர்ல பிள்ளைங்க திணறுறதைப் பார்த்து அவங்களே வேகத்தைக் குறைப்பாங்க.

மேடைவிளக்கு:
நூற்றிருபது சின்னவர்களுக்குச் சரி. பதினாறுக்கு மேல் உள்ள குழுவுக்கு அது இழுவை, தாவலில் உயரம் வராது. அவர்களுக்கு நூற்றிமுப்பது வரை விடவேண்டும். இருபது நிமிட வட்டத்துக்கு ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மே மாதத்தின் கடைசி இரண்டு வகுப்பு முழுசாக எனக்கு வேண்டும்.

வடபுலம்:
ஒரு வகுப்பு.