மறு: தோட்டா மறுநிரப்பல் – 'டை' வகைகளுக்குத் தமிழ்ச்சொற்கள்

> சைசிங் டை – அளவு அச்சு
> எக்ஸ்பாண்டர் டை – விரிப்பு அச்சு
> சீட்டிங் டை – பொருத்து அச்சு
> கிரிம்ப் டை – இறுக்கு அச்சு
> புரோகிரசிவ் பிரஸ் – முற்போக்கு அழுத்தி

வணக்கம் ஐயா,

உங்கள் பட்டியலில், தோட்டா நிரப்பும் கருவியான 'டை'க்கு அச்சு என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. நாணயம் அடிப்பதும் இடியாப்பம் பிழிவதும் அச்சில்தானே. பட்டறைப் பேச்சில் டை இருக்கட்டும், கையேட்டில் அச்சு வரட்டும். எனக்கு உறுத்துவது 'இறுக்கு அச்சு'. அமெரிக்காவில் சுட்ட கூட்டில் மீண்டும் வெடிமருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே தோட்டா நிரப்பும் தமிழர் ஒருவர் இந்தச் சொல்லை நம்பி அச்சைத் திருகினால் ஆபத்து.

9 மி.மீ. பிஸ்டல் தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். சுட்டபின் பித்தளைக் கூடு விரிந்துவிடும். முதல் அச்சு அதைச் சுருக்குகிறது; அதன் நடுவிலுள்ள ஊசி பழைய பிரைமரை (கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தள்ளிவிடுகிறது. அடுத்தது கூட்டின் வாயைச் சற்றே அகட்டுகிறது, குண்டு சிராய்ப்பில்லாமல் இறங்குவதற்காக. அதற்கடுத்தது குண்டை உரிய ஆழத்துக்கு அழுத்துகிறது. கடைசி அச்சுக்கு மிஞ்சியிருப்பது அகட்டிய வாயைப் பழையபடி நேராக்கும் வேலைதான்.

குண்டைப் பிடித்து நிறுத்துவது முதல் அச்சு தந்த சுருக்கம், கடைசி அச்சு அல்ல. அதை மேலும் மேலும் இறுக்கினால் பிடி தளரும். ஈயம் நசுங்கினால் நசுங்கியபடியே கிடக்கும், பித்தளையோ கொஞ்சம் மீண்டுவிடும். தளர்ந்த குண்டு துப்பாக்கி அறைக்குள் ஏறும்போது பின்னால் தள்ளப்பட்டால், சுடும்போது உள்ளழுத்தம் எகிறும். அதோடு 9 மி.மீ., .45 ஏசிபி (இதுவும் பிஸ்டல் தோட்டா) கூடுகள் அறையில் முட்டி நிற்பதே வாய் விளிம்பால்தான். அந்த விளிம்பை உள்ளே மடித்துவிட்டால் நிற்க இடமில்லை.

ரிவால்வர் கதை வேறு. அதற்கான .38 ஸ்பெஷல், .357 மேக்னம் கூடுகளை அடி விளிம்பு தாங்கிக்கொள்கிறது. அங்கே ஒரு தோட்டா வெடிக்கும்போது வரும் உதைப்பில் மற்ற அறைகளிலுள்ள குண்டுகள் முன்னால் நழுவப் பார்க்கும். அதனால் கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் உண்மையாகவே மடிக்கிறார்கள். ஆக 'கிரிம்ப்' என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேலைகள். பிஸ்டலுக்கு வாயை நேராக்கும் டேப்பர் கிரிம்புக்கு 'வாய்ச்சீர் அச்சு', ரிவால்வருக்கு வாயை மடிக்கும் ரோல் கிரிம்புக்கு 'வாய்மடிப்பு அச்சு' என்று பிரிக்கலாம் என்பது என் பரிந்துரை.

'அளவு அச்சு'க்குப் பதில் 'சுருக்கு அச்சு' தெளிவாக இருக்கும். இதிலேயே கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளாலான வளையம் வைத்தது வாங்கினால் பிஸ்டல் கூடுகளுக்கு எண்ணெய் தடவ வேண்டியதில்லை. வேகமாக ஓடும் இயந்திரத்தில் அது பெரிய ஆறுதல். 'விரிப்பு' என்றால் முழுக் கூடும் விரிவதாகப் படுகிறது, 'வாயகட்டு அச்சு' சரி. 'பொருத்து அச்சு' அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், அச்சு வாங்குபவரைக் குழப்பும் ஒன்று. 'மூன்று அச்சுத் தொகுதி' என்பது எல்லாரிடமும் ஒன்றல்ல. வழக்கமான தொகுதியில் சுருக்கு, வாயகட்டு, பிறகு பொருத்தலும் வாய்ச்சீரும் சேர்ந்த ஒற்றை அச்சு. டில்லன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தொகுதியில் சுருக்கு, பொருத்து, வாய்ச்சீர் மூன்றும் தனித்தனி. வாயை அகட்டும் வேலையை மருந்து கொட்டும் புனலே செய்துவிடும். குண்டு இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாயும் மூடினால் குண்டின் பக்கம் சுரண்டப்படும் என்பதால், இடம் இருக்கும் இயந்திரத்தில் பிரித்துச் செய்வதே நல்லது. அகராதியில் 'பொருத்து-சீர் இணையச்சு' என்று தனிப் பதிவு வேண்டும்.

'முற்போக்கு அழுத்தி' வேண்டாம், அது அரசியல் மேடைச் சொல். ஒவ்வொரு முறை கைப்பிடியை இழுக்கும்போதும் எல்லா நிலைகளிலும் வேலை நடந்து ஒரு தோட்டா முடிந்து விழுகிறது. எனவே 'தொடர்நிலை அழுத்தி'. டில்லன் 550 இயந்திரத்தில் நான்கு நிலைகள், கூடுகளைத் தாங்கும் தட்டைக் கையால் சுழற்ற வேண்டும். 750-இல் ஐந்து, தானே சுழலும். கூடுதலாகக் கிடைக்கும் நிலையில் மருந்தளவைச் சோதிக்கும் அச்சை வைக்கலாம். மருந்தே விழாத கூடும் இரட்டிப்பாக விழுந்த கூடும் அங்கே பிடிபடும். அதை 'மருந்துகாட்டி' என்று வைத்திருக்கிறேன்.

பித்தளைக் கூட்டுக்கு எந்தச் சொல் என்பதில்தான் இன்னும் முடிவில்லை. இலங்கை வழக்கில் 'கோது' என்று அழகான சொல் இருக்கிறது, 'வாயகட்டிய கோது' என்று சேர்த்தாலும் இயல்பாக வருகிறது. தமிழ்நாட்டு வாசகருக்கும் அது புரியும் என்று நினைக்கிறேன். உங்களுக்கு உடன்பாடென்றால் பட்டியல் முழுவதும் மாற்றி அனுப்புகிறேன்.