ரோலக்ஸ் சப்மரினர் 16610, ஏ வரிசை: டயலும் கிளாஸ்பும் வருடத்தோடு ஒட்டவில்லை, வாங்கலாமா?

நீலப்பெசல்:

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோடு பக்கம் பழைய வாட்ச் விற்கும் கடையில் ஒரு சப்மரினர் டேட், 16610, பேரத்தில் நிற்கிறது. பார்த்தவரை விவரம்:

சீரியல் எண் ஏ எழுத்தில் தொடங்குகிறது, அதாவது 1998-99 வாக்கில் வந்தது. லக்கில், அதாவது பிரேஸ்லெட் மாட்டும் கொம்பில், துளை இருக்கிறது. டயலில் 6 மணிக்கு அடியில் "ஸ்விஸ் மேட்" என்று அச்சு. டார்ச் காட்டி அணைத்தால் டயலும் முள்ளும் ஒரே பச்சையில், ஒரே அளவில் ஒளிர்கின்றன. பிரேஸ்லெட் 93150, எண்ட் லிங்க் (வாட்ச் உடலான கேஸோடு சேரும் கடைசிக் கண்ணி) 501பி, கிளாஸ்புக்குள் (பிரேஸ்லெட் பூட்டுக்குள்) ஏடி3 என்று முத்திரை. பெட்டி இல்லை, வாரண்டித் தாள் இல்லை, சர்வீஸ் ரசீதும் இல்லை. ஒரு நாளைக்கு 12 விநாடி முந்துகிறது. ரெகுலேட் செய்தால், அதாவது ஓடும் வேகத்தைத் திருத்தினால், சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். 3 பாரில் பிரஷர் டெஸ்ட் செய்த சீட்டு ஒன்று தருகிறார், அது எட்டு மாதத்துக்கு முந்தையது.

சேகரிப்புக்காகத்தான் வாங்குகிறேன், ஆனால் பீரோவில் பூட்டி வைக்க மாட்டேன். நீச்சலுக்கும் கட்டுவேன். டயலும் கிளாஸ்பும் பிந்தியவை போலத் தெரிகின்றன. விலையைக் குறைத்துக் கேட்க இது போதுமா, இல்லை விட்டுவிட வேண்டிய வாட்சா?

மணிக்கூட்டுக்காரன்:

கிளாஸ்ப் கதையை முதலில முடிச்சுவிடுவம். ஏடி3 எண்டால் 2003 மார்ச். அந்த வருசத்து 16610-க்கு வந்தது 93250, எண்ட் லிங்க் கட்டியான இரும்பு. ஆனா தேதியில்லாத சப்மரினர் 14060எம் இருக்கே, அது கடைசிவரைக்கும் 93150-ஐயும் தகட்டால செய்த 501பி-யையும்தான் பாவிச்சது. அப்ப இந்தக் கிளாஸ்ப், இல்லாட்டி முழுப் பிரேஸ்லெட்டும், ஒரு 14060எம்-இல இருந்து வந்திருக்கலாம். போலி எண்டு பயப்பிடத் தேவையில்லை. உங்கட கேஸுக்கு 93150தான் பொருத்தமான பிரேஸ்லெட். 98, 99 முத்திரையோட கிளாஸ்ப் ஒண்டு தேடினால் கிடைக்கும். சின்னக் குறை.

பிரேஸ்லெட்டைப் பக்கவாட்டில கிடையாப் பிடிச்சுப் பாருங்கோ. தொங்கிப் போனால் பின்னும் பின் போற துளையும் தேஞ்சிட்டுது எண்டு அர்த்தம். உலோகம் நீளுறதில்லை, துளைதான் பெருக்குது. மண்ணும் வியர்வையும் உள்ளுக்க இருந்து அரம் மாதிரி அறுக்கும்.

டயல்தான் விசயம். ஏறத்தாழ 1998 வரைக்கும் ட்ரிட்டியம் (தானா ஒளிருற கதிரியக்கப் பூச்சு), அடியில "ஸ்விஸ் டி<25" எண்டு வரும். அதுக்குப் பிறகு கொஞ்சக் காலம் லூமிநோவா (வெளிச்சம் வாங்கி ஒளிருற பூச்சு), அடியில வெறும் "ஸ்விஸ்". 2000 வாக்கில இருந்து சூப்பர்-லூமிநோவா, "ஸ்விஸ் மேட்". ஏ வரிசையில ஆக்கள் தேடுறது அந்த வெறும் "ஸ்விஸ்" டயலைத்தான். குறுகின காலம்தானே வந்தது.

ஆனா ஒரு விசயம். எந்த எழுத்து எந்த வருசம் எண்ட பட்டியல் ரோலக்ஸ் வெளியிட்டதில்லை. விற்பனைத் தாள்களை வைச்சுச் சேகரிக்கிற ஆக்கள் கட்டினது. ஏ வரிசையின்ர வால்பகுதியில "ஸ்விஸ் மேட்" டயல் தொழிற்சாலையிலேயே ஏறியிருக்க இடமிருக்கு. தாள் இருந்திருந்தாலும் அதில இருக்கிறது விற்ற தேதி, செய்த தேதி இல்லை. அதால "டயல் மாத்தினது" எண்டு நிரூபிக்கேலாது, "ஒரிஜினல்" எண்டு அவரும் நிரூபிக்கேலாது. காசு குடுக்கேக்க மாத்தினது எண்டு வைச்சுக் குடுங்கோ. அவ்வளவுதான்.

சுருள்வில்:

விலைக்கணக்கு சரி. அதற்கு முன் ஒன்று யோசிக்க வேண்டும்: டயலை மாற்றியிருந்தால், எதற்காக மாற்றினார்கள்?

ட்ரிட்டியம் டயல் என்றால் காரணம் தெரிந்தது. அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு, 98-ஆம் வருடத்து லூம் (ஒளிரும் பூச்சு) இன்று செத்த லூம், சர்வீஸ் சென்டர் புதிய டயலும் முள்ளும் போட்டுவிடும். லூமிநோவா டயலுக்கு அந்தத் தேவை இல்லை, இப்போதும் ஒளி வாங்கி ஒளிரும். அந்த டயல் காணாமல் போனால் வழக்கமாக இரண்டில் ஒன்று. நல்ல டயலைக் கழற்றித் தனியாக விற்றிருப்பார்கள், அல்லது உள்ளே ஈரம் இறங்கி டயல் கெட்டிருக்கும். முதலாவதில் நஷ்டம் பணத்தோடு நின்றுவிடும். இரண்டாவதில் உள் இயந்திரமான மூவ்மென்ட்டும் அடிபட்டிருக்கும். ஆகவே பின்மூடியைத் திறக்காமல் இந்த வாட்சை வாங்காதீர்கள்.

திறக்க 29.5 மிமீ பல் டை வேண்டும். ரப்பர் பந்தை அழுத்தியோ மூன்று கால் சாவியைக் கொண்டோ கடையில் திறக்க முயன்றால் நிறுத்துங்கள், விளிம்புப் பல் நசுங்கும். திறந்ததும் லூப்பை (கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடியை) முதலில் மூவ்மென்ட் மேல் வைக்காதீர்கள். கேஸில் கேஸ்கெட் (ஈரம் தடுக்கும் ரப்பர் வளையம்) உட்காரும் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். 904எல் எஃகு எளிதில் துருப்பிடிக்காதுதான், ஆனால் கேஸ்கெட்டுக்கு அடியில் உப்பும் வியர்வையும் ஆண்டுக்கணக்கில் தேங்கினால் அதிலும் குழி விழும். குழி கேஸ்கெட் படும் இடத்தில் இருந்தால் புதுக் கேஸ்கெட் போட்டாலும் கசியும்.

அடுத்து ஸ்டெம்: கிரவுன் எனும் பக்கத் திருகிலிருந்து மூவ்மென்ட்டுக்குள் போகும் கம்பி. தெரிந்தவர் கையால் கிரவுனையும் ஸ்டெம்மையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ஈரம் பெரும்பாலும் கிரவுன் குழாய் வழியாகத்தான் நுழையும், அதனால் முதலில் பழுப்பேறுவது ஸ்டெம். அது வெள்ளையாகப் பளபளத்தால் இரண்டு அர்த்தம்: ஈரமே வரவில்லை, அல்லது ஸ்டெம்மும் புதிது. பிறகு முள்ளை 6 மணிக்குக் கொண்டுபோய்விட்டு, தேதியை 1 முதல் 31 வரை மாற்றிப் பாருங்கள். தேதி வளையத்தில் பழுப்புப் புள்ளி இருந்தால் வாட்ச் கண்ணாடியில் தேதி மேலுள்ள பூதக்கண்ணாடிக்கு அடியில் தப்பாது. 6 மணி எதற்கென்றால், இரவு 9-லிருந்து அதிகாலை 3 வரை தேதிப் பல் பிடித்திருக்கும் நேரம், அப்போது மாற்றாமல் இருப்பது நல்லது.

மூவ்மென்ட் 3135. உறுதியான சாதனம், ஆனால் ரோட்டார் (கை அசைவில் சுற்றிச் சாவி கொடுக்கும் எடைத்தகடு) அச்சு இதற்குப் பலவீனம். எண்ணெய் வறண்டு அச்சும் அதன் கல்லும் தேய்ந்தால் ரோட்டார் தணிந்து, விளிம்பு கீழே உரசும். பின்மூடியின் உட்புறத்திலும் ஆட்டோமேட்டிக் பிரிட்ஜ் மேலும் பிறை வடிவில் பளபளப்பான கோடு தெரியும், சுற்றிலும் மெல்லிய உலோகப் பொடி இருக்கும். காதருகே வைத்து ஆட்டினால் கரகரப்பு கேட்கும். அச்சை மாற்றலாம். ஆனால் அந்தப் பொடி எல்லாக் கற்களுக்குள்ளும் போயிருக்கும், முழு சர்வீஸ் இல்லாமல் தீராது. ரோட்டாரின் சுற்றை ஒரே திசையாக்கும் சிவப்பு நிற ரிவர்ஸர் சக்கரங்களின் பூச்சு தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது அந்த 12 விநாடி. எண்ணை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. முழுதாகச் சாவி கொடுத்து டைம்கிராஃபரில் (டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் இயந்திரம்) வையுங்கள், மூவ்மென்ட்டுக்கு மூவ்மென்ட் மாறும் கோணமான லிஃப்ட் ஆங்கிளை 52 என்று போட வேண்டும். வேறு கோணத்தில் அளந்தால் ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் சக்கரம் ஆடும் அளவு) தப்பாக வரும். டயல் மேலே பார்க்க 270 டிகிரிக்கு மேல், செங்குத்தாக நிறுத்திவைத்த நிலைகளில் 240-க்கு மேல், பீட் எரர் (டிக்-டாக் இடைவெளி வித்தியாசம்) 0.5 மில்லி செகண்டுக்குள் இருந்தால் நலம். நிறுத்திவைத்த நிலையில் 220-க்குக் கீழே போனால் எண்ணெய் முடிந்துவிட்டது. அதன்மேல் ரெகுலேட் செய்வது சில வாரத்துக்குத்தான் நிற்கும். எல்லா நிலையிலும் ஒரே சீராக 12 முந்தினால் மட்டுமே அது வெறும் ரெகுலேஷன். காந்தம் ஏறியிருந்தாலும் முந்தும். ஒரு சாதாரணத் திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டுபோங்கள், ஊசி துடித்தால் டீமேக்னடைசரில் ஒரு முறை காட்டிவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

கவனிக்க: 3135-இல் நெம்பித் தள்ளும் ரெகுலேட்டர் கிடையாது. பேலன்ஸ் சக்கரத்தின் உள்வட்டத்தில் நான்கு மைக்ரோஸ்டெல்லா நட்டுகள். வெளியே வந்தால் மெதுவாகும், உள்ளே போனால் வேகமாகும், அதற்குத் தனிச் சாவி உண்டு. "சரியாயிடும்" என்றவரிடம் அந்தச் சாவி இருக்கிறதா என்று கேளுங்கள். நட்டுகளில் கீறல் இருந்தால் யாரோ இடுக்கியால் திருப்பியிருக்கிறார்கள்.

நீலப்பெசல்:

கடைக்காரர் திறக்கச் சம்மதித்துவிட்டார். ஆனால் திறந்தால் டெஸ்ட் சீட்டு செல்லாது என்கிறார். கேஸை இலவசமாகப் பாலிஷ் போட்டுப் புதிதுபோல் தருவதாகவும் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

கடல்மட்டம்:

பாலிஷ் வேண்டவே வேண்டாம். இந்த வாட்சில் திரும்ப வராத பொருள் கேஸ் ஒன்றுதான். டயல், முள், பெசல் இன்சர்ட் (வெளிவளையத்தின் எண் தகடு), கிரவுன், கண்ணாடி எல்லாம் மாற்றலாம். அரைத்துத் தள்ளிய எஃகை ஒட்ட முடியாது. லேசர் வெல்டிங்கில் நிரப்புவோர் இருக்கிறார்கள், நல்ல கை என்றால் கண்டுபிடிக்கவே கடினம், அது வேறு தலைவலி.

ஏற்கெனவே எவ்வளவு அரைபட்டது என்று பார்க்க உங்கள் கேஸில் வசதி இருக்கிறது: லக் துளை. நான்கு துளைகளும் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று விளிம்பை நெருங்கியிருந்தால் அந்தப் பக்கம் மெஷினில் அதிகம் அழுந்தியிருக்கிறது. லக்கின் மேற்புறம் நீளவாட்டில் கோடுகளாக மங்கல், பக்கவாட்டு பளபளப்பு, இரண்டும் சேரும் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும், சோப்புக் கட்டி மாதிரி வழுக்கினால் கைபட்டது. கிரவுனுக்கு இருபுறமும் உள்ள காப்புகள் மெலிந்து ஒன்று பெரிது ஒன்று சிறிதாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

துளை இருப்பதால் பிரேஸ்லெட்டை வெளியிலிருந்தே ஊசி முனையால் தள்ளிக் கழற்றலாம், கேஸில் கீறல் விழாது. கழற்றினால் 6 மணிப் பக்கம் சீரியல், 12 மணிப் பக்கம் 16610. எழுத்து வெட்டியதுபோல் பளிச்சென்று இருக்க வேண்டும். புள்ளி புள்ளியாக, அமிலத்தில் தின்னதுபோல் இருந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சீரியலை முழுதாகக் குறித்துக்கொண்டு, காசு கொடுப்பதற்கு முன் தி வாட்ச் ரெஜிஸ்டரில் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். தாளே இல்லாத வாட்சுக்கு இதைச் செய்யாமல் இருக்கக் கூடாது.

சீட்டைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான், ஆனால் எட்டு மாதச் சீட்டு ஏற்கெனவே செல்லாதது. முதலில் திறந்து பார்த்து, புதுப் பின்மூடிக் கேஸ்கெட்டில் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவி மூடி, அதன்பின் உங்கள் கண் முன்னால் டெஸ்ட். இந்த வரிசை மாறக் கூடாது. 3 பார் என்றால் இந்த வாட்சுக்குச் சொல்லும் 300 மீட்டருக்கு நிரூபணம் இல்லை. 30 பார் (300 மீட்டர்) வாட்சுக்கு டைவ் வாட்ச் தரமான ஐஎஸ்ஓ 6425 கேட்பது 37.5 பார், அதற்குத் தண்ணீர்த் தொட்டி இயந்திரம் வேண்டும். இருந்தாலும் குறைந்த அழுத்த டெஸ்டை அலட்சியப்படுத்தாதீர்கள். அதிக அழுத்தம் கேஸ்கெட்டை நசுக்கித் தானாகவே மூடிவிடும், லேசான அழுத்தத்தில்தான் பல கசிவுகள் தெரியும். வாக்குவம் மைனஸ் 0.7 பார், பிறகு 6 பார் அல்லது 10 பார் உலர் டெஸ்ட் கேளுங்கள்.

கிரவுனைக் கையால் சோதிக்கலாம். திருகைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை வெளியே தள்ள வேண்டும். மூடும்போது முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள், மரை விழும் இடத்தில் மெல்லிய தட்டு ஒன்று தெரியும், அங்கிருந்து அழுத்தி வலப்பக்கம். இரண்டு மூன்று முறை வழுக்கினால் மரை தேய்ந்திருக்கிறது, கிரவுனையும் குழாயையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். டிரிப்லாக் (ரோலக்ஸின் நீர்புகா) கிரவுனில் கிரீடத்துக்கு அடியில் மூன்று புள்ளி, குழாயின் வெளிப்புறம் கறுப்பு ரப்பர் வளையம் தெரிய வேண்டும். அது காய்ந்து வெடித்திருந்தால் எந்த டெஸ்டும் நிற்காது.

சுருள்வில்:

ஒன்று சேர்க்க வேண்டும். டெஸ்ட் முடிந்தபின் ஈரப்பதம் உள்ளே சிக்கியிருக்கிறதா என்று பார்க்க இயந்திரமே வேண்டாம். சூடேற்றும் தட்டில் 40-லிருந்து 45 டிகிரிக்குள் அரை மணி வைத்து, கண்ணாடி நடுவில் சாதாரணத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். சொட்டு இருந்த இடத்தில் உட்பக்கம் பனி பிடித்தால் ஈரம் இருக்கிறது. டயல் மாறிய வாட்சுக்கு இதைக் கட்டாயம் செய்யச் சொல்வேன்.

வாங்கினபின் ரோலக்ஸ் சர்வீஸ் சென்டருக்குக் கொடுப்பதாக இருந்தால், "கேஸ் பாலிஷ் வேண்டாம், முள்ளும் டயலும் மாற்ற வேண்டாம்" என்று வரவேற்பில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பாகத்தைத் தானாகத் திருப்பித் தருவார்கள் என்று எண்ண வேண்டாம். வெளியே வாங்கிய மலிவுக் கிரவுனோ கண்ணாடியோ இருந்தால் அதை மாற்றாமல் சர்வீஸ் ஏற்க மாட்டார்கள், அந்தச் செலவையும் பேரத்தில் கழியுங்கள்.

மணிக்கூட்டுக்காரன்:

கேஸ்கெட் விளிம்பில குழி இருந்தால் எவ்வளவு குறைச்சாலும் எடுக்காதேங்கோ. விளிம்பு சுத்தம், ஸ்டெம் சுத்தம், லக் கூர்மை எண்டால் "ஸ்விஸ் மேட்" டயலோடயே எடுக்கலாம், சர்வீஸ் செலவையும் டயல் வித்தியாசத்தையும் கழிச்சுப்போட்டு. வெறும் "ஸ்விஸ்" டயலைப் பிறகு தேடி மாட்டலாம் எண்டு நினைச்சு இப்ப கூட விலை குடுக்காதேங்கோ. தனியா விக்கிற அந்த டயல்களில அச்சு மாத்தினது கனக்க இருக்கு.