சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆகத் திணறும் ஆர்எக்ஸ்-8: முதலில் எதில் கை வைப்பது?

கேள்வி (ரோட்டர்ரசிகன்):
2005 மாஸ்டா ஆர்எக்ஸ்-8, ஆறு கியர் மேனுவல், 1,10,000 கி.மீ. காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆகிறது. நன்றாகச் சூடான பிறகு பங்க்கில் அணைத்தால், மறுபடி ஸ்டார்ட் ஆக பத்து விநாடி சுற்ற வேண்டியிருக்கிறது. 6,000 ஆர்பிஎம்முக்கு மேல் இழுவையும் இல்லை. இன்டேக், எக்ஸாஸ்ட் வாங்கப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா, இல்லை எஞ்சினைப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டதா?

பதில் (முக்கோணம்13பி):
இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. முதல் செலவு கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது எஞ்சினுக்குள் காற்று எவ்வளவு அமுங்குது என்று அளப்பது. இந்தக் காரில் பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும் ரோட்டரி எஞ்சின், அதனால் ரோட்டரி டெஸ்டரில்தான் பார்க்கணும். சாதாரண பிஸ்டன் கேஜ் ஒரு ரோட்டரின் மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும்.

எஞ்சின் சூடாக, பேட்டரி முழு சார்ஜில் இருக்கணும். அளவை, எஞ்சின் 250 ஆர்பிஎம்மில் சுற்றும்போது வரும் அளவாகத் திருத்தித்தான் ஒப்பிடணும். புது எஞ்சினுக்கு 830 கிலோபாஸ்கல், குறைந்தபட்ச எல்லை 680. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 150-க்கு மேலும், இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 100-க்கு மேலும் வித்தியாசம் வரக்கூடாது.

எண்கள் விழும் விதத்தைக் கவனிங்க. ஒரு ஏபெக்ஸ் சீல் (ரோட்டரின் முனையில் இருக்கும் அடைப்புப் பட்டை) இரண்டு முகங்களுக்குப் பொது. அது உடைந்தால் பக்கத்துப் பக்கத்து இரண்டு முகங்கள் சேர்ந்து விழும். ஒரே முகம் மட்டும் குறைந்தால் சைடு சீலை (ரோட்டரின் பக்கவாட்டு அடைப்பு) சந்தேகிக்கலாம். எக்ஸாஸ்ட் போர்ட் பக்கவாட்டில் இருப்பதால் ரெனிசிஸில் (ஆர்எக்ஸ்-8 எஞ்சினின் பெயர்) தேய்வது பெரும்பாலும் அதுதான்.

இன்னொன்று: 2009-க்குப் பிந்தைய மாடலின் வேகமான ஸ்டார்ட்டரைப் போட்டால் ஹாட் ஸ்டார்ட் சரியான மாதிரி தெரியும். கம்ப்ரஷன் குறைவை அது மூடி மறைக்கும், தீர்க்காது. டெஸ்ட் எடுத்த பிறகு மாட்டுங்க.

பதில் (டிரெய்லிங்பிளக்):
அண்ணன் சொன்னதோடு இக்னிஷனையும் பாருங்க. 6,000-க்கு மேல் மூச்சு முட்டுவதற்கு அங்கிருந்து தொடங்கும் ஒரு சங்கிலி உண்டு. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் பலவீனமானால் எரியாத பெட்ரோல், எக்ஸாஸ்ட்டில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே தேன்கூடு உருகி அடைக்கும். பின்னழுத்தம் ஏறி, வெப்பம் சைடு சீல் மேல் உட்காரும். எத்தனையோ எஞ்சின்கள் இந்த வழியில்தான் போயிருக்கின்றன.

இந்தக் காயில்கள் 50,000 கி.மீ. வாக்கில் தளரும். நான்கையும் சேர்த்து மாற்றுங்க. மாஸ்டாவே என்றால் பாகம் எண் ‘சி’யில் முடியும் திருத்திய வகை வாங்குங்க. பிளக் மாற்ற இடது முன் சக்கரத்தைக் கழற்றினால் கை நன்றாக எட்டும். ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக்: கீழே லீடிங் (என்ஜிகே ஆர்இ7சி-எல்), மேலே டிரெய்லிங் (ஆர்இ9பி-டி). மாறக்கூடாது. வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால் வரிசை குழம்பாது.

கன்வெர்ட்டரைக் கையால் தட்டிப் பாருங்க, கலகலத்தால் உள்ளே உடைந்திருக்கு. அது நன்றாக இருந்தால் இன்டேக் வால்வுகள்: எஸ்எஸ்வி (செகண்டரி ஷட்டர் வால்வு) 3,750 ஆர்பிஎம்மிலும் ஏபிவி (துணை போர்ட் வால்வு) 6,250-லும் திறக்கணும். உங்க அறிகுறிக்கு ஏபிவி மேல்தான் சந்தேகம், கார்பன் பிடித்து இறுகியிருக்கலாம்.

ரோட்டர்ரசிகன்:
நன்றி. பெட்ரோலில் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலப்பது பற்றி? ஆயில் பம்ப் ஏற்கெனவே எஞ்சினுக்குள் தெளிக்கிறதே?

பதில் (முக்கோணம்13பி):
தெளிக்கிறது, ஆனால் சம்ப்பில் (எஞ்சினின் அடித்தொட்டி) உள்ள எஞ்சின் ஆயிலை. சுத்தமாக எரிவதற்காகச் செய்த ஆயில் இல்லை அது. பம்ப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஜாஸோ எஃப்டி (ஜப்பானியத் தர முத்திரை) தர 2டி ஆயில் லிட்டருக்கு 4 மி.லி. சேருங்க, 60 லிட்டர் டேங்க்குக்கு 240 மி.லி. முதலில் ஆயில், பிறகு பெட்ரோல். எஞ்சின் ஆயிலை 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றணும், டிப்ஸ்டிக்கை ஒவ்வொரு டேங்க்குக்கும் பார்க்கணும்.

பதில் (டிரெய்லிங்பிளக்):
டேஷ்போர்டு முள்ளை நம்பாதீங்க. 2008 வரையான மாடல்களில் ஆயில் பிரஷர் மீட்டர் வெறும் சுவிட்ச். டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்று, தாமதமாகத்தான் ஏறும். ஓபிடி ரீடர் (காரின் கணினி தரும் அளவுகளைக் காட்டும் கருவி) மாட்டி, கூலன்ட் 105 டிகிரியைத் தொட்டால் உடனே ஓரம் கட்டுங்க. எக்ஸாஸ்ட்டுக்கு வைத்த பணத்தில் ரேடியேட்டரும் கூலன்ட் பாட்டிலும் புதிதாக வாங்குங்க, இரண்டின் பிளாஸ்டிக்கும் வயதானால் வெடிக்கும்.

கடைசியாக, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பத்தடி நகர்த்திவிட்டு அணைக்காதீங்க. பெட்ரோல் தேங்கி ஃப்ளட் ஆகிவிட்டால் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி சுற்றுங்க, இன்ஜெக்டர் நின்றுவிடும். ஐந்தாறு விநாடி சுற்றி, இடைவெளி விட்டு, மறுபடி சாதாரணமாக ஸ்டார்ட் செய்யணும்.