ஹெர்மீஸ் கிடக்கிற கடலில் எட்டு மணி

பாலமீன்மடு வாசி:

கடற்படைக்காரர் யாரோடாவது பழகிய அனுபவம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு வாய்த்தது ஒரே ஒரு காலைப்பொழுது. இன்றைக்கும் அது கண்ணுக்குள் நிற்கிறது.

ஓய்வு பெற்ற பிரித்தானியக் கடற்படைக்காரர் ஒருவர் மகனோடு மட்டக்களப்புக்கு வந்திருந்தார். அவருடைய தாய்மாமன் ஹெர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலில் ஸ்டோக்கர், அதாவது கொதிகலன் பார்க்கிறவர். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு அந்தக் கப்பலை நம் கடலில் தாழ்த்தியபோது இறந்த 307 பேரில் அவரும் ஒருவர். கப்பல் கிடக்கிற இடத்தில் ஒரு பூவளையம் போட வேண்டும் என்று வந்திருந்தார். போட்டைக் கொண்டுபோக எங்கள் தண்டயல், அதாவது கடலில் போட்டை நடத்துகிறவர், மொழிபெயர்க்க நான்.

முகத்துவாரத்தில் ஏறும்போதே ஆச்சரியம். மகனை முதலில் ஏற்றினார், பிறகு என்னை, பிறகு தான் ஏறினார். "ஆர் தலைவரோ அவர்தான் கடைசியா ஏறுவார், கரையில முதல் இறங்குறதும் அவர்தான். இது எங்கட வழக்கம்" என்று தண்டயலிடம் சொல்லச் சொன்னார். "நான் போட்டத் தள்ளிப்போட்டுத்தானே மனே எப்பவும் ஏறுறன்" என்றார் தண்டயல். அதைச் சொன்னதும் மனுசன் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

போகும் வழியில் நிறையக் கேட்டேன். அவர் சீஃப் பெட்டி ஆபீசராக ஓய்வு பெற்றவர். சாதாரண மாலுமி, தேர்ந்த மாலுமி, லீடிங் சீமன், பெட்டி ஆபீசர் என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். அதிகாரிகளின் வரிசை வேறு, அவர்களுக்குச் சாப்பாட்டு அறையும் வேறு. அந்த அறைக்குக் கப்டனே அழைப்பில்லாமல் போகமாட்டாராம், அவர் தனியாகத்தான் சாப்பிடுவார். இது எனக்குப் பெரிய புதினம்.

கப்டன் என்பது ஒரு பதவி, ஒரு பொறுப்பும்கூட என்று அவர்தான் விளக்கினார். ஹெர்மீஸை நடத்திய ஒன்ஸ்லோ பதவியாலும் கப்டன். அதே நாளில் தாழ்ந்த ஆஸ்திரேலிய வம்பயர் கப்பலை நடத்திய மொரன் பதவியால் கொமாண்டர்தான், ஆனாலும் அந்தக் கப்பலுக்கு அவரே கப்டன். இரண்டு பேரும் அன்றைக்கே இறந்துபோனார்கள். நம்மிடமும் போட்டு அதன் சொந்தக்காரரான சம்மாட்டியுடையது, கடலில் பேச்சு தண்டயலுடையது. அதனால் எனக்குச் சட்டென்று விளங்கியது.

பேசிக்கொண்டே வந்தவர் அணியத்தில் கயிற்றில் கட்டிக் கிடந்த நங்கூரக் கல்லைத் தடவினார். "இதுதான் என்ர முதல் பதவி" என்றார். லீடிங் சீமனுக்குக் கையில் ஒரு நங்கூரச் சின்னம் தைப்பார்களாம். அவரை எல்லாரும் 'கில்லிக்' என்றுதான் கூப்பிடுவார்களாம். கில்லிக் என்றால் கல் நங்கூரம். ஒரு மெஸ்ஸில், அதாவது மாலுமிகள் சேர்ந்து தங்குகிற அறையில், இருக்கிற பொடியன்களின் படுக்கை, துப்புரவு, சண்டை சச்சரவு எல்லாம் அவர் தலையில். அந்தப் பொறுப்பில் இருந்த காலம்தான் தனக்கு மிகவும் பிடித்தது என்றார். சொல்லும்போது கல்லிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

இடம் வந்ததும் தண்டயல் இஞ்சினை நிறுத்தினார். பூவளையத்தைத் தண்ணீரில் வைத்த பிறகு அவர் எங்கள் சில்வர் பேணியையும் வலையில் கட்டுகிற ஈயக் குண்டு ஒன்றையும் கேட்டு வாங்கினார். டிங் டிங். கொஞ்சம் நிறுத்தி இன்னும் இரண்டு. இப்படி நான்கு சோடி. கப்பலில் ஒரு காவல் முறை நான்கு மணிநேரம். அரை மணிக்கு ஒன்றாக மணி கூடிக்கொண்டே போகும், எட்டு அடித்தால் முறை முடிந்தது, அடுத்தவன் வருவான். மாலுமி இறந்தாலும் எட்டுத்தான். மாமன் கொதிகலன் அறையில் முறையில் இருந்திருப்பார், அவரை மாற்றிவிட யாரும் வரவில்லை என்றார். தண்டயலுக்கு நான் இதைச் சொல்லவில்லை, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆனால் அவர் ஏற்கெனவே தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்.

கல்முனைக் கப்பல்காரன்:

அண்ணே, வாசித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நான் சரக்குக் கப்பலில் ஒன்பது வருடம் வேலை செய்தவன், அங்கேயும் நாலு மணிநேர முறைதான். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பழைய பிரித்தானியக் கப்பல்களில் நம் பக்கத்து ஆட்களை லஸ்கர் என்பார்கள். அவர்களுக்குத் தலைவர் சாரங், அவருக்கு அடுத்தவர் தண்டேல். நம் தண்டயலும் அதே சொல்தான். அந்தக் கிழவருக்கு இது தெரிந்திருந்தால் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார்! சரி, திரும்பி வந்தபோது யார் முதலில் இறங்கியது?

பாலமீன்மடு வாசி:

தம்பி, தண்டேல் கதை எனக்குப் புதிது, நாளைக்கே எங்கள் தண்டயலிடம் சொல்கிறேன். இறங்கினது இப்படி. போட்டு மணலில் தட்டியதும் தண்டயல், "அவர முதல் இறங்கச் சொல்லு மனே, வயசான மனுசன்" என்றார். நான் சொன்னேன். அவர் அசையவில்லை. மகனையும் எழும்ப விடவில்லை. தண்டயல் முழங்கால் தண்ணீரில் குதித்து நின்று கை நீட்டிய பிறகுதான் எழும்பினார்.