தார்ப்பாய்க்குள் புரொப்பேன் ஹீற்றர்: இந்தத் தலையிடி சாதாரணமா?

ட்றைவோல்_தம்பி:
வணக்கம். கனடாவில், ஸ்காபரோவில் டவுன்ஹவுஸ் கட்டுகிற இடம் ஒன்றில் ட்றைவோல் (சுவருக்கு ஜிப்சம் போர்ட் அடிக்கிற) வேலை செய்கிறேன். இது எனக்கு இரண்டாவது குளிர்காலம். யன்னல்கள் இன்னும் வரவில்லை. யன்னல் வாய்கள் எல்லாவற்றையும் தார்ப்பாயால் மூடிக் கட்டி, கீழ்த்தளத்தில் புரொப்பேன் ஹீற்றர் ஒன்றை ஓட விட்டிருக்கிறார்கள். மணித்தியாலத்துக்கு 150,000 பிடியு (சூட்டை அளக்கிற அலகு) என்று எழுதியிருக்கிறது. புகைபோக்கி கிடையாது, நெருப்பின் சூடு நேரே அறைக்குள் ஊதும்.

போன கிழமை வெளியே மைனஸ் 18. காலையில் தார்ப்பாயின் ஒரு மூலை திறந்துதான் இருந்தது. காற்று அடிக்கிறது என்று பத்து மணி போல யாரோ அதையும் ரேப் போட்டு ஒட்டிவிட்டார். மத்தியானத்துக்குள் எனக்கு நெற்றிப்பொட்டில் இடிக்கத் தொடங்கியது, அப்புறம் ஓங்காளம். அளந்த அளவு போர்ட்டில் குறிக்கப்போகும்போதே மறந்துபோகிறது, மூன்று தரம் ஏணியில் திரும்ப ஏறினேன். என்னோடு போர்ட் பிடிக்கிற அண்ணைக்கும் அதே தலையிடி. சாப்பிடப் போய் வான் வண்டிக்குள் அரை மணித்தியாலம் இருந்ததும் இருவருக்கும் குறைந்தது. உள்ளே வந்ததும் திரும்பத் தொடங்கிவிட்டது.

போர்மன் "தூசு தம்பி, தண்ணியைக் குடி" என்கிறார். பின்னேரம் வீட்டில் அம்மாவின் விரலில் மாட்டுகிற ஒட்சிசன் மீற்றரில் பார்த்தேன், 98 காட்டியது. அப்படியென்றால் பயப்பட ஒன்றுமில்லைதானே?

கொங்கிரீட்_அண்ணை:
தம்பி, அது தூசு இல்லை. இருவருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, வெளியே போனால் குறைகிறது, உள்ளே வந்தால் கூடுகிறது. இது கார்பன் மொனொக்சைட். அந்த மூலையை ஒட்டியதுதான் வினை. எரிகிற நெருப்புக்குக் காற்று போதாவிட்டால் இந்த வாயு கூடும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஒன்ராறியோ சட்டப்படி எட்டு மணித்தியாலச் சராசரி 25 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு) மேல் போகக் கூடாது. அடைத்த இடத்தில் ஹீற்றர் ஓட்டுவதென்றால் எரிவதற்கும் மூச்சுக்கும் போதிய காற்று வர வேண்டும் என்பதும் சட்டம்தான். ஹீற்றரைக் கையாளுகிறவரிடம் பயிற்சிப் பதிவு இருக்க வேண்டும். யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

சிலிண்டர் எங்கே நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. புரொப்பேன் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும், பேஸ்மென்ற் என்றால் இன்னும் மோசம். சிலிண்டரில் உறைபனி படிகிறது என்று நெருப்பு ரோர்ச் பிடித்துச் சூடாக்குகிறவர்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதற்கு மட்டும் பக்கத்தில் நிற்காதீர்கள்.

முதலாளிக்குச் செலவுதான் கவலை என்றால் இதையும் சொல்லுங்கள்: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். உங்கள் ஹீற்றர் முழு வேகத்தில் ஓடினால் மணித்தியாலத்துக்கு ஐந்து லீற்றர் போல. அது உங்கள் ட்றைவோலுக்குள்தான் போகிறது. நெருப்பை வெளியே வைத்து, சுத்தமான சூட்டுக் காற்றைக் குழாயால் உள்ளே விடுகிற ஹீற்றர்கள் வாடகைக்குக் கிடைக்கும்.

மார்க்கம்_நேர்ஸ்:
தம்பி, அந்த 98ஐ நம்ப வேண்டாம். இந்த வாயு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். விரல் மீற்றருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, ஒட்சிசன் என்றே காட்டும். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துத்தான் பார்ப்பார்கள். சும்மா காற்றில் இருந்தால், இரத்தத்தில் ஒட்டிய வாயு பாதியாகக் குறையவே நாலைந்து மணித்தியாலம் ஆகும். இனி இப்படி வந்தால் வெளியே போங்கள், மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். யாராவது மயங்கினாலோ உளறினாலோ உடனே 911. எமெர்ஜென்சியில் "ஹீற்றர் இருந்த அடைத்த இடத்தில் வேலை செய்தேன்" என்று வாசலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் காய்ச்சல், வைரஸ் என்று அனுப்பிவிடக்கூடும்.

கொங்கிரீட்_அண்ணை:
இன்னொன்று. வீட்டுச் சுவரில் மாட்டுகிற அலாரத்தைக் கொண்டுபோக வேண்டாம். 70 பிபிஎம்மில் அது கத்த ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் ஆகும். சட்டையில் கொளுவுகிற, இலக்கம் காட்டுகிற மீற்றர் வாங்குங்கள். ஆபத்து என்று நம்பினால் வேலையை மறுக்க உங்களுக்குச் சட்டத்தில் உரிமை இருக்கிறது, அதற்காக உங்களைத் தண்டிக்க முடியாது. மறுக்கும்போது காரணத்தைச் சுப்பவைசரிடம் நேரே சொல்ல வேண்டும், சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

ட்றைவோல்_தம்பி:
இருவருக்கும் நன்றி. சிலிண்டர் உள்ளே, படிக்கட்டுக்குக் கீழேதான் நின்றது. மீற்றர் கடன் வாங்கிக் கொண்டுபோனேன். ஏணியின் மேல்படியில் 140 காட்டியது. போர்மனிடம் ஒன்றும் பேசாமல் அதை அவர் கையில் கொடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 146 ஆனது. ஹீற்றரை அவரே நிறுத்தினார், எல்லாரையும் வெளியே வரச் சொன்னார். சிலிண்டரை அன்றே வெளியே எடுத்தாயிற்று, குழாய் ஹீற்றர் திங்கட்கிழமை வருகிறதாம். அது வரும்வரை நானும் அண்ணையும் யன்னல் போட்டு முடிந்த மற்ற வீட்டில் வேலை செய்கிறோம்.